மல்லிகாவின் மஞ்சள் சேலை

தூத்துக்குடியில் கழுத்தில் போடும் பொருள் என்று வாயைத் திறந்தால் போதும், முத்தில் கொண்டுபோய்த்தான் முடிக்கிறார்கள். விடுதி வரவேற்பில் இருந்த பெண் என்ன வேலையாக வந்திருக்கிறேன் என்று கேட்டாள். மாலைகள் வாங்கிப்போக வந்தேன் என்றேன். முத்து மாலையா என்றாள். துணி மாலை என்றேன். பழைய துணியில் செய்தது என்று விளக்கமும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல முத்து வேண்டுமானால் தன் சித்தப்பாவுக்குத் தெரிந்த கடை இருக்கிறது என்றாள். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிறது. கடையில் தொங்குவதெல்லாம் எங்கிருந்தோ வந்தவை. ஆனாலும் ஊரில் ஒருவரும் முத்தை விடுவதாக இல்லை.

நான் ஷார்ஜாவில் இருப்பவள். பிறந்தது சேலம். பழைய சேலை, தையல் கடையில் விழும் வெட்டுத்துணி, கிழிந்த தலையணை உறை என்று கையில் கிடைக்கும் பூப்போட்ட துணியிலெல்லாம் கழுத்து நிறைய நிற்கிற பெரிய மாலைகள் செய்து விற்கிறேன். துணியைப் பட்டையாக வெட்டி, நீளக் குழாயாகத் தைத்து, உள்ளே உருண்டைகளைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு முடிச்சு. கேட்க எளிதுதான். மர உருண்டை போட்டால் கழுத்து வலிக்கிறது. பஞ்சு உருண்டை போட்டால் ஒரே மாதத்தில் சப்பையாகிப் போகிறது. இந்தச் சிக்கலைத் தீர்த்துவைத்தவள் காயல்பட்டினத்துப் பாத்திமா. மீன்வலையில் கட்டும் மிதவைகள் பழசானதும் கரையில் கழித்துப் போடுவார்களாம். அவற்றை வாங்கி, சின்னச் சின்னதாக வெட்டி உருட்டி, மாலைக்குள் போட்டாள். பார்க்கப் பெரிது, போட்டால் கனமே தெரியாது.

பாத்திமாவின் கணவர் ஷார்ஜாவில் எங்கள் தெருக் கடையில் வேலை பார்க்கிறார். பழக்கம் அவர் மூலம் வந்தது. பாத்திமாவும் அவள் வீட்டுப் பெண்களும் செய்து அனுப்புவார்கள், நான் விற்பேன். எல்லாப் பேச்சும் போனில்தான். நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

இந்தத் தடவை விஷயம் வேறு. எங்கள் எதிர் வீட்டு மல்லிகா போன வருடம் இறந்துபோனாள். ஷார்ஜா வெயிலிலும் காய்கறி வாங்கக்கூடச் சேலை கட்டிக்கொண்டுதான் போவாள், அப்படி ஒரு பிடிவாதக்காரி. அவள் மகள் நிலாவுக்குக் கல்யாணம் வந்தது. அம்மாவின் சேலைகளில் நான்கை எடுத்துவந்து என் மடியில் வைத்தாள். தானும் தோழிகளும் கல்யாணத்தன்று போட்டுக்கொள்ள அந்தச் சேலைகளிலேயே மாலை வேண்டும் என்றாள். நான்கும் பூவும் இலையும் அச்சிட்ட, வாயில் என்கிற மெல்லிய பருத்திச் சேலைகள். அதில் ஒன்று கடுகு மஞ்சள், உடம்பெல்லாம் கறுப்பு இலை. அது தனக்கு என்று தனியாகக் காட்டினாள். மல்லிகாவை நினைத்தால் எனக்கும் அந்த மஞ்சள்தான் முதலில் கண்ணில் வரும்.

பாத்திமாவின் கணவர் விடுமுறையில் ஊருக்குப் போனபோது சேலைகளைக் கொடுத்துவிட்டேன். அதோடு நிற்காமல் பாத்திமாவுக்கு நீளமாக ஒரு குரல்பதிவும் அனுப்பினேன். இவை இறந்துபோன என் தோழியின் சேலைகள், மகள் கல்யாணத்துக்கு, கண்ணும் கருத்துமாகச் செய்யுங்கள் என்று பேசினேன். அந்தப் பதிவு எனக்கு நானே வெட்டிக்கொண்ட குழி என்று அப்போது தெரியவில்லை. பார்சலில் வந்தால் கல்யாணத்துக்கு முன் கைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்று நானே வாங்கிவரக் கிளம்பினேன்.

காலையில் பஸ் ஏறினேன். உப்பளங்கள், அப்புறம் வாழைத்தோட்டம், அப்புறம் வெற்றிலைக்கொடிக்கால் என்று வழி நன்றாகத்தான் இருந்தது. ஆத்தூர் தாண்டியதும் கண்டக்டர், இந்த வண்டி காயல்பட்டினத்துக்குள் போகாது, ஆறுமுகநேரியில் இறங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஏறும்போது கேட்டேனே என்றேன். ஏறும்போது திருச்செந்தூர் போகுமா என்றுதான் கேட்டதாகச் சாதித்தார். உடனே பஸ்ஸில் பாதிப்பேர் எனக்காகச் சண்டைக்கு வந்தார்கள். ஊருக்குள் வராமல் சுற்றிக்கொண்டு ஓடுவதே இவர்களுக்குப் பிழைப்பாகிவிட்டது என்றார் ஒரு பெரியவர். ஷார்ஜாவில் பஸ் எங்கே போகும் என்று பலகையில் எழுதியிருக்கும், யாரும் யாருக்காகவும் வாய் திறக்கமாட்டார்கள். இங்கே எல்லாரும் எனக்காகப் பேசினார்கள், ஆனால் கடைசியில் நான் ஆறுமுகநேரியில்தான் இறங்கினேன்.

ஆட்டோ பிடித்துப் பாத்திமா வீட்டு வாசலில் போய் நின்றேன். கனத்த மரக்கதவு. தட்டினேன். பதில் இல்லை. மறுபடி தட்டினேன். உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது, சிரிப்புச் சத்தமும் கேட்கிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. போன் போட்டால் எடுக்கவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாகப் போய்விட்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் எதிர் வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அது ஆம்பளையோ வாற வாசலும்மா. முடுக்கு வழியா போங்கோ."

இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவில் ஆள் ஒருவர் போகிற அகலத்தில் ஒரு சந்து. பெண்கள் நடமாட்டத்துக்கென்றே விட்ட வழியாம். அந்தச் சந்து வீடு வீடாகப் பின்பக்கத்தைத் தொட்டுக்கொண்டு ஊர் நெடுக ஓடுகிறது. அதில் போய்த் திரும்பினால் பாத்திமா வீட்டுப் பின்கதவு விரியத் திறந்துகிடக்கிறது. ஒரு பொம்பளை முன்வாசலில் வந்து தட்டுவாள் என்று யாருக்குத் தெரியும் என்றார்கள். முன்வாசலில் தட்டினால் ஆண் விருந்தாளி, அதனால் வீட்டு ஆண் வரும்வரை திறப்பதில்லை. வீட்டு ஆண் யார் என்றேன். ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போய்விட்டாரே, உங்களுக்குத் தெரியாதா என்றார்கள்.

இந்த ஊரில் கல்யாணம் ஆனால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறான். வீடு பெண்ணுடையது. கணவர் விடுமுறைக்கு வந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, மறுபடி விமானம் ஏறுகிறார். ஆகவே பாத்திமா சொன்னதுதான் அங்கே சட்டம். மாலையைக் காட்டு என்றேன். முதலில் சாப்பிடுங்கள் என்றாள். நெய்ச்சோறு, ஆட்டுக்கறி, தால்ச்சா, மேலே தம்மடை என்று ஓர் இனிப்பு. ருசி அபாரம், அதை மறுக்க முடியாது. ஆனால் நான் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் தட்டு நிறைந்திருந்தது. மாலை பற்றிப் பேச்செடுத்தால் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது.

ஒருவழியாகக் கைகழுவிவிட்டு வந்தேன். பாத்திமா ஒரு பெட்டியைத் திறந்தாள். அத்தனையும் அழகு. முடிச்சுகள் ஒரே சீராக நின்றன. கடுகு மஞ்சளில் கறுப்பு இலை போட்ட மாலையை எடுத்தேன். பழைய வாயில் துணி விரலோடு ஒட்டிக்கொள்ளும். இது மொடமொடவென்று இருந்தது. இலையும் கொஞ்சம் பெரிது. மூக்கருகே கொண்டுபோனேன். புதுத்துணிக் கஞ்சி வாசனை.

இது மல்லிகாவின் சேலை இல்லையே என்றேன். இல்லை என்று பாத்திமா சந்தோஷமாக ஒப்புக்கொண்டாள்.

"மவுத்தானவங்க சேலைய வெட்டி, கல்யாணப் புள்ள கழுத்துல போடலாமாக்கா? ஒங்க கூட்டாளி பேருல அத சதக்காவா குடுத்துட்டோம். அதே மாதிரி புதுத்துணி தேடி எடுத்துத்தான் செஞ்சிருக்கோம்."

இறந்தவர்களின் உடுப்பை அவர்கள் பெயரில் இல்லாதவர்களுக்குத் தானமாகக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கம். என் குரல்பதிவைக் கேட்டு வீட்டுப் பெண்களெல்லாம் கண்கலங்கினார்களாம். பாவம், இந்த அக்காவுக்கு வெளிநாட்டில் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆளில்லை என்று பேசிக்கொண்டார்களாம். அதே அச்சு கிடைக்கப் பாத்திமா தூத்துக்குடிக் கடைகளில் ஏறி இறங்கி, தன் கைக்காசைப் போட்டு வாங்கியிருக்கிறாள். என்னிடம் முன்னாலேயே சொன்னால் நான் சங்கடப்படுவேன் என்று சொல்லவில்லை.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. கத்தலாம் என்றால் வயிறு நிறைய அவள் போட்ட சோறு. என்னை ஏமாற்றியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். எனக்காக அழுதவளை என்ன கேட்பது? சேலைகளைத் திரும்ப வாங்கித் தா, அந்தப் பெண்ணுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றேன். பாத்திமாவின் முகம் முதல் தடவையாக வாடியது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுப் போக என்னால் ஏலாது, ஆளைச் சொல்கிறேன், நீங்கள் போய்க்கொள்ளுங்கள் என்றாள். ஆள் ஆறுமுகநேரிச் செல்வி, உப்பள வேலைக்குப் போகிறவள். விலாசம் எதுவும் தெரியாது, யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றாள்.

அன்று சாயங்காலம் விடுதிக்குத் திரும்பிப் பொரித்த பரோட்டா தின்றேன். கோபத்தில் தின்பதற்கென்றே செய்ததுபோல் நொறுங்கியது. நிலா போன் செய்தாள். மாலை எப்படி வந்திருக்கிறது ஆன்டி என்றாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன். பொய்யும் இல்லை. அம்மா சேலை நிறம் மங்கியிருந்ததே, பரவாயில்லையா என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல், சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். மொடமொடக்கிற அந்த மஞ்சளை அவள் கழுத்தில் போட்டுவிட்டு, உன் அம்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவள் தொட்டதும் கண்டுபிடித்துவிடுவாள்.

மறுநாள் செல்வியைத் தேடும் படலம். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்று பாத்திமா சொன்னது உண்மை. ஆளுக்கொரு செல்வியைச் சொன்னார்கள். ஆட்டோ அண்ணாச்சிக்கு ஒரு செல்வி தெரியும். அங்கே போனால் அவள் உப்பளத்துக்கே போனதில்லை, ஆனால் எங்களைக் காப்பி குடிக்காமல் விடவில்லை. அடுத்த செல்வி உப்பளத்துக்காரிதான், சேலை வாங்கியவள் இல்லை. இதற்கு நடுவில் அண்ணாச்சி வழியெல்லாம் கொற்கையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார்.

"பாண்டியன் காலத்துல கப்பலு அங்கன வரைக்கும் வந்துச்சாம்மா. இப்ப போய்ப் பாத்தா வாழதான் நிக்கி. நீங்க முத்து எதும் வாங்கலியா?"

முத்து வேண்டாம், செல்வி வேண்டும் என்றேன்.

மூன்றாவது செல்வி உப்பளத்தை ஒட்டிய தெருவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை வீட்டில் இருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. கைக்குழந்தைக்காரி என்பதால் இப்போது வேலைக்குப் போகவில்லை. பாத்திமா பெயரைச் சொன்னதும் முகம் மலர்ந்து பாய் விரித்தாள். நான்கு சேலைகளைப் பற்றிக் கேட்டேன். இரண்டை விளாத்திகுளத்தில் இருக்கும் அக்காவுக்குக் கொடுத்துவிட்டாளாம். ஒன்றை உப்பளத்தில் தலைக்கும் காலுக்கும் சுற்றக் கிழித்து மாமியார் எடுத்துப்போயிருக்கிறாள். அந்த மஞ்சள் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவளே கையைக் காட்டினாள்.

உத்தரத்திலிருந்து தொங்கிய தொட்டில் அதுதான். நான் உள்ளே நுழைந்ததிலிருந்து அதன் பக்கத்தில்தான் இருந்தேன். கடுகு மஞ்சள், கறுப்பு இலை, மங்கிய நிறம். உள்ளே ஒரு சின்ன உடம்பின் கனம் தெரிந்தது. துணி வழியாக ஒரு குதிகால் முட்டிக்கொண்டு நின்றது.

திருப்பிக் கேட்கத்தான் போனேன். புதுச் சேலை வாங்கித் தருகிறேன், மாற்றிக்கொள் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் குதிகாலைப் பார்த்ததும் கேட்க மனம் வரவில்லை. என் தோழி, அவள் மகள், கல்யாணம் என்று நடந்ததை மட்டும் சொன்னேன். செல்வி எழுந்து தொட்டில் கயிற்றைப் பார்த்தாள். முடிச்சுக்கு மேலே முந்தானைப் பக்கம் மிச்சமாகத் தொங்கியது, ஒரு முழத்துக்கு மேலேயே இருக்கும்.

"இத வேணும்னா வெட்டித் தாரேங்க்கா. கீழ உள்ளத கேக்காதிய. வேற சேலையில போட்டா வீல் வீல்னு அழுதான், இதுலதான் ஒறங்குதான்."

என் பையில் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். எடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை உள்ளே கிடக்கும்போது தொட்டிலில் கத்தரி வைக்கக்கூடாதாம். சரி, பிள்ளையைத் தூக்கு என்றேன். தூங்குகிற பிள்ளையைத் தூக்கவும் கூடாதாம். ஆகவே அவன் தானாக எழுந்திருக்கும்வரை காத்திருக்கவேண்டும்.

காத்திருந்தேன். இந்த ஊரில் எல்லாரும் சத்தமாகத்தான் பேசுகிறார்கள். உப்பு லாரி வீட்டுச் சுவரை உரசுவதுபோல் போகிறது. பக்கத்து வீட்டு டிவி அலறுகிறது. அவன் அசையவில்லை. செல்வி கடுங்காப்பி கொடுத்தாள். சும்மா இருமிப் பார்த்தேன், பயனில்லை. வெளியே அண்ணாச்சி பொறுமை இழந்து ஹாரனை அழுத்தினார். அவரோடு பழகிய அந்தக் காலைப்பொழுதில் அவர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. தொட்டில் நெளிந்தது.

செல்வி பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். கொடுத்ததுமே என் மடியை நனைத்தான். ஒரு கையில் அவனை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் இலை அச்சைப் பார்க்கத் தொட்டிலை இழுத்தேன். வெறும் தொட்டிலை ஆட்டாதீர்கள் என்று அதற்கும் திட்டு. செல்வி அளவு பார்த்து, முடிச்சு நழுவாமல் இருக்கக் கொஞ்சம் விட்டு, மிச்சத்தை வெட்டித் தந்தாள். அப்புறம் பிள்ளையை உள்ளே போட்டு ஆட்டினாள். நான் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

நேராகக் காயல்பட்டினம். இந்தமுறை முடுக்கு வழியாகத்தான் போனேன். துண்டுத்துணியைப் பாத்திமா முன்னால் வைத்துவிட்டு, அவள் சொல்லப்போகும் மறுப்புக்குத் தயாராக நின்றேன். நீ தைக்காவிட்டால் நானே தைத்துக்கொள்கிறேன், மிதவை உருண்டைகளை மட்டும் கொடு என்றேன். அவள் துணியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல புள்ள ஒறங்குதா?"

ஆமாம், தொட்டில் கட்டியிருக்கிறார்கள் என்றேன்.

"அப்ப இது தொட்டில் சேலையாப் போச்சேக்கா. கல்யாணப் புள்ளக்கி இதவிட நல்ல துணி வேற என்ன இரிக்கி."

சொல்லிக்கொண்டே பட்டை கிழிக்க ஆரம்பித்துவிட்டாள். நேற்று முழுவதும் ஆகாது என்று மறுத்த அதே சேலை, அதே பாத்திமா. எனக்குச் சிரிப்பதா சண்டை போடுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு இதில் எந்த முரணும் தெரியவில்லை. போனவர் கழித்த துணி வேறு, பிறந்தது படுத்த துணி வேறு, அவ்வளவுதான். அவள் குழாய் தைத்துப் புரட்டி, உருண்டைகளை ஒவ்வொன்றாக நுழைத்தாள், முடிச்சுகளை நான் போட்டேன். ஒரு மாலைக்குத்தான் துணி வந்தது. பிசிறுகூட மிஞ்சவில்லை. தோழிகளுக்கு அந்தப் புதுத்துணி மாலைகளையே எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது பாத்திமா மறுபடி சாப்பிடச் சொன்னாள். சாப்பிட்டேன். விடுதிப் பெண் கடைசிவரை முத்துக்கடை விலாசத்தைக் கையில் திணித்துத்தான் அனுப்பினாள்.

ஷார்ஜாவில் நிலாவை உட்காரவைத்து, ஒன்று விடாமல் சொன்னேன். குரல்பதிவு, முன்வாசல், மூன்று செல்விகள் எல்லாம். அழுவாள் அல்லது கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. தோழிகளின் மாலைகளை ஒதுக்கிவைத்தாள். மஞ்சள் மாலையை விரலால் தடவி, இது அம்மா என்றாள். அப்புறம் போனில் இருந்த படத்தைக் கேட்டாள். துணியில் முட்டிக்கொண்டு நின்ற குதிகாலைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத் தூங்குறானா ஆன்டி?"

லாரி போனாலும் எழுந்திருக்கவில்லை, உயிரை வாங்கிவிட்டான் என்றேன்.

"என்னைப் பத்தியும் அம்மா அதையேதான் சொல்லுவாங்க" என்றாள். மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பின்னால் கொக்கி மாட்டச் சொல்லி என் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.